மகளைக் காணக் கடல் கடந்த தாய்

புஞ்சாக் ஆலாம் என்று சொன்னால் இன்று பல்கலைக்கழக வளாகமும், வரிசை வீடுகளும், புதிய கடைத்தெருக்களுமே பலருக்கு நினைவில் வரும். அவற்றைக் கடந்து கோலசிலாங்கூர்ப் பக்கமாகச் சிறிது தூரம் சென்றால் செம்பனை நிரைகள் தொடங்கிவிடும். இந்நாட்டில் வணிகத்திற்கெனச் செம்பனை முதன்முதலாக நடப்பட்டது, 1917-ஆம் வருஷத்தில், இம்மாவட்டத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான். இவ்வட்டாரத்துத் தோட்டமொன்றில் கிராணி உத்தியோகம் பார்த்து வரும் நாம், ஆங்கிலவழிக் கல்வி கற்றவர் என்னும் காரணத்தால், பிறருக்கு வரும் கடிதங்களைப் படித்துச் சொல்லவும், அவர்தம் விண்ணப்பங்களை எழுதிக் கொடுக்கவும் கடமைப்பட்டிருக்கிறோம்.

சில மாதங்களுக்கு முன்னர் ஒருநாள் மாலை, தோட்டத்து லாரி ஓட்டுபவரும் அவர்தம் மனைவியாரும் நமது அலுவலகத்திற்கு வந்தனர். அவர்களுடைய மூத்த மகள் தங்கள் கிறிஸ்தவ சபையின் சார்பில் கம்போடியாவுக்குச் சென்று, அங்குள்ள ஏழைப் பிள்ளைகளிடையே ஒரு வருஷமாகப் பணி செய்து வருகிறாள். அவளைப் போய்ப் பார்த்து வருவதற்கு லீவு வேண்டும் என்பதே அவர்கள் வந்த காரியம். எத்தனை நாள் என்று கேட்டோம். கணவர் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருக்கையில், மனைவியார் சொன்னார்: "கிராணி ஐயா, அவ அங்க சாமி வேலைதான் செய்யறாளா, இல்ல சும்மா கெடந்து கஷ்டப்படறாளான்னு ஒரு தடவ கண்ணால பாத்துட்டா எனக்குப் போதும்."

விண்ணப்பத்தில் 'குடும்பக் காரியம்' என்று எழுதி அனுப்பினோம். ஆயினும் அவ்வம்மையாரின் சொல் நம் மனத்தைவிட்டு அகலவில்லை. ஊழியம், தொண்டு, சேவை என்று எப்பெயரிட்டு அழைப்பினும், பிள்ளை ஒன்றைத் தொலைதேசத்திற்கு இழுத்துச் செல்லும் அந்தக் காரியத்தைப் பெற்ற தாயின் கண் எவ்வாறு அளக்கும்? இக்கேள்வி புதியதன்று. நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன்னர், நம் முன்னோர் பலர் விட்டுவந்த தமிழ்நாட்டின் தென்கோடியில், ஒரு வெள்ளைக்காரத் தாய் இதே கேள்வியோடு வந்து இறங்கினார். அச்சரித்திரத்தை ஈண்டுச் சிறிது ஆராய்வோம். அவர்களுடைய மதம் நமக்கு உடன்பாடா, அன்றா என்பது வேறு விஷயம். தாயும் பிள்ளையும் எல்லா மதத்திலும் உண்டு.

விடை கொடுத்த தாய்

ஏமி கார்மைக்கேல் என்னும் பெயரைத் திருநெல்வேலிச் சீமையினர் நன்கறிவர். அவர் 1867-ஆம் வருஷம் டிசம்பர் 16-ஆம் நாள் வட அயர்லாந்தின் கடற்கரைச் சிற்றூராகிய மில்லைல் என்னுமிடத்தில் பிறந்தார். தந்தையார் டேவிட், மாவு ஆலை உடையவர். தாயார் பெயர் காதரின். பிள்ளைகள் எழுவர். அவர்களுள் ஏமியே மூத்தவர்.

1885-இல் தந்தையார் காலமானார். செல்வாக்காக இருந்த குடும்பம் பின்னர்ப் பொருளையும் இழந்தது. விதவையான தாயார் மனந்தளர்ந்து மூலையில் அமர்ந்தாரில்லை. இங்கிலாந்தின் ஆலை நகரமாகிய மான்செஸ்டருக்குச் சென்று, கதியற்ற பெண்களுக்கான ஓர் இல்லத்தின் மேற்பார்வைப் பொறுப்பை ஏற்றார். மகளோ அதற்கு முன்னரே பெல்பாஸ்டு நகரத்து ஆலைப் பெண்களிடையே தொண்டாற்றத் தொடங்கியிருந்தார். மகள் பிற்காலத்தில் செய்த வேலைக்கு வித்து எங்கே விழுந்தது என்று தேடுவோர் இதனை நினைவிற் கொள்ளல் வேண்டும். 'தாயைப் போல பிள்ளை' என்பது நம்மவர் பழமொழி அன்றோ?

1892-ஆம் வருஷம் ஜனவரி மாதம், அயல்நாடு சென்று ஊழியம் செய்யத் தமக்கு அழைப்பு வந்துவிட்டதாக மகள் தாய்க்குக் கடிதம் எழுதினார். மூத்த மகள், கணவனை இழந்த தனக்குத் துணையாக நிற்க வேண்டியவள். அக்காலத்தில் கடல்கடந்த ஊழியம் என்பது பல சமயங்களில் திரும்பி வாரா வழிக்குச் சமானம். காய்ச்சலும் வாந்திபேதியும் எத்தனையோ பாதிரிமாரை மண்ணில் சாய்த்த காலம் அது. இவ்வளவும் அறிந்த தாயார் தடை சொல்லாது விடை கொடுத்து மறுகடிதம் எழுதினார். சரித்திரம் புறப்பட்டுச் சென்ற மகளின் பெயரைப் பொன்னெழுத்தில் பொறித்திருக்கிறது. அந்த மறுகடிதத்தை எழுதிய கை எவ்வளவு நடுங்கியிருக்கும் என்பதை எவரும் எழுதி வைக்கவில்லை.

1893-ஆம் வருஷம் மார்ச்சு மாதம் ஏமி ஜப்பானுக்குக் கப்பலேறினார். உடல்நலம் குன்றவே அங்கு நெடுங்காலம் தங்க இயலவில்லை. சீனத்து ஷாங்காயையும் இலங்கையையும் தொட்டு, 1894-இன் இறுதியில் தாய்நாடு திரும்பினார். 1895-ஆம் வருஷம் அக்டோபர் மாதம் மீண்டும் புறப்பட்டு, நவம்பரில் சென்னை வந்து சேர்ந்தார். அன்றுமுதல் 1951-ஆம் வருஷம் ஜனவரி 18-ஆம் நாள் உயிர் நீங்கும் வரை, ஐம்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக, ஒருமுறையேனும் அவர் தாய்நாட்டிற்குத் திரும்பினாரில்லை. ஆதலால் தாய் மகளைக் காண வேண்டுமானால், தாயே கடல் கடத்தல் வேண்டும் என்றாயிற்று.

டோனாவூர்

ஏமி அம்மையார் முதலில் பெங்களூரிலும், பின்னர் வாக்கர் ஐயரின் குடும்பத்தோடு திருநெல்வேலிச் சீமையிலும் தங்கித் தமிழ் கற்றார். தென்னாட்டுக் கிறிஸ்தவர் வெள்ளைக்காரப் பாதிரிமாரையும் 'ஐயர்' என்றே அழைப்பர். சேலை உடுத்தித் தமிழ்ப் பெண்கள் சிலரோடு மாட்டுவண்டியில் ஊர் ஊராகச் சென்று பிரசங்கம் செய்வதே அப்பொழுது அவருடைய வேலை.

1901-ஆம் வருஷம் மார்ச்சு மாதம் அவ்வேலையின் போக்கே மாறியது. பெருங்குளம் என்னும் ஊரில், கோவிலுக்குப் பொட்டுக் கட்டப்படவிருந்த ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி, தான் அடைக்கப்பட்டிருந்த வீட்டினின்று தப்பி, பண்ணைவிளையில் தங்கியிருந்த அம்மையாரிடம் வந்து சேர்ந்தாள். அச்சிறுமி வாய்திறந்து சொன்னவற்றைக் கேட்ட பின்னர், அத்தகைய பிள்ளைகளைத் தேடிக் காப்பதே தமது கடன் என அம்மையார் துணிந்தார். மேற்கு மலைத் தொடரின் அடிவாரத்தில், களக்காட்டுக்கு அணித்தான டோனாவூர் அவ்வேலைக்கு இருப்பிடமாயிற்று. முற்காலத்தில் பொருளுதவி செய்த டோனா என்னும் ஜெர்மானியப் பிரபுவின் பெயரால் அமைந்த ஊர் அது.

1904-இல் கைக்குழந்தைகளும் வரத் தொடங்கின. அதுவரை பிரசங்கமும் பாட்டும் ஊழியம் என்று நினைத்திருந்த பெண்கள், இரவெல்லாம் விழித்துப் பால் கொடுக்கவும், மலம் துடைக்கவும், துணி துவைக்கவும் நேர்ந்தது. இது வேலைக்காரி செய்யும் வேலையன்றோ என்று முகஞ்சுளித்தவரும் அவர்களுள் இருந்தனர். பிற ஜாதிக் குழந்தைக்குப் பாலூட்ட அக்கம்பக்கத்துத் தாய்மார் முன்வரவில்லை. தாய்ப்பால் இல்லாத குழந்தைகள் சில மாண்டும் போயின. பொன்னம்மாள் என்னும் இளம் விதவையே முதலில் இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு அந்த இழிவென்று கருதப்பட்ட வேலையில் இறங்கி, மற்றவர்களுக்கு வழிகாட்டினார். ஜாதி என்னும் பேய் தொட்டில்வரை வந்து நின்றதையும், அதனை ஒரு தமிழ்ப் பெண் தன் கையாலேயே விரட்டியதையும் வாசகர்கள் மனத்திற் கொள்க.

தாய் வந்தாள்

இந்நெருக்கடியின் நடுவேதான், 1904-ஆம் வருஷம் நவம்பர் மாதம், காதரின் அம்மையார் டோனாவூர் வந்து சேர்ந்தார். மகளைப் பிரிந்து ஒன்பது ஆண்டுகள் கழிந்திருந்தன. இருபத்தேழு வயதில் சென்ற மகள் இப்பொழுது முப்பத்தேழை நெருங்கியிருந்தார்.

இன்று கோலாலம்பூரில் காலையில் விமானம் ஏறியவர் உச்சிப்பொழுதிற்குள் சென்னையில் இருப்பார். அக்காலத்துப் பிரயாணமோ அத்தகையதன்று. சூயஸ் கால்வாய் 1869-இல் திறக்கப்பட்டிருந்தபோதிலும், இங்கிலாந்திலிருந்து தென்னிந்தியா வருவதற்கு மூன்று நான்கு வாரங்கள் கடலில் கழியும். திருநெல்வேலி வரையில் ரயில் உண்டு. அதற்கப்பால் கூண்டு வண்டியும் மாடுகளும் மண்சாலையுமே கதி.

வந்த தாய் விருந்தாளியாக நாற்காலியில் அமர்ந்து நாட்டு வளம் பார்த்துப் போகவில்லை. ஓராண்டுக்கும் மேலாக, 1906-ஆம் வருஷம் மார்ச்சு மாதம் வரையில், அங்கேயே தங்கினார். குழந்தைகளைப் பேணும் வேலையில் தாமும் கைகொடுத்தார். ஏமியை அம்மா என்று அழைத்த பிள்ளைகள் அவருடைய தாயைப் பாட்டி முறை கொண்டாடி 'ஆத்தா' என்று அழைத்தனர். ஏழு பிள்ளைகளை வளர்த்த கை அது. மான்செஸ்டரில் கதியற்ற பெண்களுக்கு இல்லம் நடத்திய கை. பிள்ளை பெறாத மகள் குழந்தை வளர்க்கத் திணறிக்கொண்டிருந்த வேளையில், அக்கை வந்து தொட்டில் கயிற்றைப் பற்றியது.

இவ்வருகையில் நாம் காணும் பொருள் யாதெனின்: மகள் எழுதிய கடிதங்களைத் தாய் ஆண்டுக்கணக்கில் படித்திருப்பார். அச்சிட்ட அறிக்கைகளையும் புத்தகங்களையும் படித்திருப்பார். ஆனால் சங்கங்களுக்கு எழுதப்படும் அறிக்கை வேறு, சமையற்கட்டின் உண்மை வேறு. சந்தா கொடுப்போரை அறிக்கையால் திருப்தி செய்துவிடலாம். பெற்றவளை அவ்வாறு செய்துவிட முடியாது. அவள் வந்தவுடன் மகளின் கன்னத்தையும், பானையிலிருக்கும் சோற்றையும், குழந்தைகளின் கண்ணையும் பார்த்துவிடுவாள். பொதுத்தொண்டு செய்வோருக்கு இதைவிடக் கடுமையான தணிக்கை உலகில் இல்லை. காதரின் அம்மையார் அவ்வாறு பார்த்தார். பார்த்தபின் மகளை ஊருக்கு அழைத்துச் செல்லாது, தாம் மட்டுமே திரும்பினார்.

அதன்பின் தாயும் மகளும் சந்திக்கவில்லை. 1913-ஆம் வருஷத்தில் தாயார் இங்கிலாந்தில் காலமானார். பொன்னம்மாள் மாண்டது 1915-ஆம் வருஷத்தில். ஏமி அம்மையார் சில ஆண்டுகளுக்குள் பெற்ற தாயையும், உற்ற தோழியையும் இழந்தார். பிற்காலத்தில் தமது புதைகுழியின்மேல் கல்லறைக்கல் வைக்கலாகாது என்று அவர் சொல்லிச் சென்றார். ஆதலின் பறவைகள் நீர் அருந்தும் தொட்டி ஒன்றையே அங்கு வைத்தனர். அதில் பொறித்திருப்பது தாய் என்னும் பொருள்படும் ஒரே சொல்.

மற்றத் தாய்மார்

நிற்க. இத்தோடு கட்டுரையை முடித்துவிட்டால் அது பக்திக்கதையாகும், சரித்திரமாகாது. காதரின் அம்மையார் வந்து பார்த்தார். டோனாவூரில் வளர்ந்த அக்குழந்தைகளைப் பெற்ற தாய்மார் எங்கே?

அவர்களுள் சிலர் இறந்துபோனவர். சிலர் வறுமையால் பிள்ளையைக் கைவிட்டவர். சிலர் தாமே பொட்டுக்கட்டும் வழக்கத்தில் சிக்கி வழி தெரியாதவர். பிள்ளையைத் திரும்பக் கேட்டு வந்த பெற்றோரும் உற்றாரும் உண்டு. 1911-ஆம் வருஷத்தில் ஒரு சிறுமியைத் தாயிடம் திருப்பி ஒப்படைக்க வேண்டும் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. திரும்பிச் சென்றால் சிறுமிக்குக் கேடு நேரும் என்று இல்லத்தார் அஞ்சினர். தீர்ப்பு நிறைவேறுமுன் அச்சிறுமி மாறுவேடத்தில் வெளியேற்றப்பட்டு, கடல்கடந்து சீனாவுக்குக் கொண்டுபோகப்பட்டாள். ஆண்டுகள் பல சென்ற பின்னரே தாயகம் திரும்பினாள். இல்லத்தாரின் அச்சம் நியாயமானதாக இருக்கலாம். ஆயினும், ஒரு தாய் கடல் கடந்து வந்து மகளை அணைத்துக்கொண்ட அதே இல்லத்தினின்று, மற்றொரு தாயின் மகள் கடல் கடந்து மறைந்து போனாள் என்பதை மறைப்பது உண்மைக்குச் செய்யும் துரோகமாகும்.

இதற்குப் பரிகாரம் யாது? பிள்ளையைத் தாயினிடமிருந்து ஒளித்து வைப்பது தற்காலப் பரிகாரமே. தாயையும் பிள்ளையையும் சேர்த்துக் கட்டியிருக்கும் வழக்கத்தை அறுப்பதே நிரந்தரப் பரிகாரம். அவ்வேலையைச் செய்தவர்கள் நம் பெண்மணிகள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் முயற்சியால் 1929-இல் ஒரு சட்டத்திருத்தமும், நெடும் போராட்டத்தின் முடிவில் 1947-இல் பொட்டுக்கட்டுதலைத் தடுக்கும் சட்டமும் சென்னை மாகாணத்தில் நிறைவேறின. முத்துலட்சுமி அம்மையாரின் தாயாரே அக்குலத்தில் பிறந்தவர். அவ்வழக்கத்தின் கொடுமையை உள்ளிருந்து அறிந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் மேடையேறிப் பேசியதோடு நில்லாது, 1936-இல் அதனைக் கதையாகவும் எழுதி வெளியிட்டார். வெளியிலிருந்து வந்த கை குழந்தைகளை எடுத்தது. உள்ளிருந்து எழுந்த குரல் கதவை உடைத்தது. இரண்டையும் மதிப்போம், இரண்டாவதை மறவாதிருப்போம்.

வராத தாய்மார்

இனி நம் கதைக்கு வருவோம். காதரின் அம்மையார் டோனாவூரில் குழந்தைகளைத் தாலாட்டிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில்தான், திருச்சி, தஞ்சை, சேலம், வடஆற்காடு முதலிய ஜில்லாக்களிலிருந்து நம் மக்கள் கங்காணியின் பின்னே மலாயாவுக்குக் கப்பலேறினர். அவர்களுக்கும் தாய்மார் இருந்தனர். 1907-இல் ஏற்பட்ட தமிழர் குடியேற்ற நிதி தொழிலாளியின் கப்பற் செலவை ஏற்றது. அது தோட்டத்திற்கு ஆள் சேர்க்க ஏற்பட்ட நிதி. தாய் வந்து மகனைப் பார்த்துச் செல்ல ஏற்பட்டதன்று.

1926 முதல் ராஜுலா கப்பல் நாகப்பட்டினத்திற்கும் பினாங்குக்கும் இடையே ஓடத் தொடங்கியது. மேல்தட்டில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டு வந்தவர்கள் ஆயிரக்கணக்கினர். அவர்களுள் வேலை தேடி வந்தோரே மிகுதி. மகனைப் பார்க்க மட்டும் வந்த கிழத்தாய்மாரைப் பற்றி நம் தோட்டத்து முதியோர் சொல்லி நாம் கேட்டதே இல்லை. 1938-இல் இந்திய அரசாங்கம் உதவிபெற்ற தொழிலாளர் குடியேற்றத்தைத் தடுத்தது. 1941-இன் இறுதியில் யுத்தம் வந்தது, தபாலும் நின்றது. சயாம் ரயில் பாதைக்குப் போன மகன் இறந்ததை அறியாமலே அவன் வரவை எதிர்பார்த்திருந்த தாய்மார் எத்தனை பேரோ! 1953-இல் குடிநுழைவுச் சட்டம் இறுகியபின் வாசல் மேலும் குறுகியது.

ஆகவே, மகளைக் கண்டு வர ஒரு தாய் கடல் கடப்பது என்பது எளிய காரியமன்று. அதற்குக் கப்பற் காசு வேண்டும். திரும்பிப் போக வீடு வேண்டும். வாசலில் தடுக்காத சட்டம் வேண்டும். இவை மூன்றும் காதரின் அம்மையாருக்கு இருந்தன. நம் பாட்டன்மாரைப் பெற்ற தாய்மாருக்கு இல்லை. அன்பில் குறைவு ஒன்றுமில்லை, வசதியில்தான் வேற்றுமை.

இன்று அவ்வேற்றுமை ஒரு பங்கு நீங்கியிருக்கிறது. பால்மரம் சீவியவரின் பேரன் லாரி ஓட்டிச் சேர்த்த பணத்தில், மகளைப் பார்க்கக் கம்போடியா போகிறார். அத்தம்பதிகள் பத்து நாளில் திரும்பினர். மகள் என்ன செய்கிறாள் என்று விசாரித்தோம். "நம்ம பழைய ஆயாக்கொட்டகை மாதிரிதாங்க ஐயா அதுவும். நானும் ரெண்டு பிள்ளைங்களைக் குளிப்பாட்டி விட்டுட்டு வந்தேன். அவ கொஞ்சம் இளைச்சிருக்கா, ஆனா சந்தோஷமா இருக்கா" என்றார் அம்மையார். அவருடைய தணிக்கை முடிந்தது.

அவர்கள் வெளியேறியபின், பழம் வெட்டும் வங்காளதேசத்து இளைஞர் ஒருவர் சம்பளச் சீட்டுக்காக உள்ளே வந்தார். நம் பாட்டன்மார் இருந்த லயத்து வரிசையில் இப்பொழுது குடியிருப்பவர்கள் அவரைப் போன்றவர்களே. அவர் பெற்றிருக்கும் வேலைச்சீட்டில் குடும்பத்தை உடன் அழைத்து வர இடமில்லை. கைத்தொலைபேசியில் தம் தாயின் முகத்தைக் காட்டி, நான்கு வருஷமாயிற்று என்றார்.

தொண்டிற்காகப் போகும் பிள்ளையாயினும், வயிற்றுக்காகப் போகும் பிள்ளையாயினும், பெற்றவள் ஒருமுறை வந்து பார்க்க வழியிருத்தல் வேண்டும். தாய் வந்து பார்க்கத் தகுந்த இடத்தில்தான் தொண்டும் நடைபெற வேண்டும், தோட்டமும் நடைபெற வேண்டும். பிள்ளைகளை வெளிநாடு அனுப்பியிருக்கும் அன்பர்களே, கூடுமாயின் ஒருமுறை போய்ப் பாருங்கள். போனவர்களே, வந்து பார்க்கும்படி அவர்களை அழையுங்கள். நம் லயத்தில் குடியிருக்கும் அயல்நாட்டுப் பிள்ளையையும், அவனைப் பெற்றவள் அருகில் நின்று பார்த்துக்கொண்டிருப்பதாக எண்ணி நடத்துங்கள். நம் பாட்டன்மாரை அவ்வாறு எண்ணி நடத்தியவர் மிகச் சிலரே என்பதை நாம் அறிவோம்.